அண்ணனைக் கேட்டுவிட்டு வா

லிஃப்ட் மெக்கானிக்கின் மகள் மருத்துவ நுழைவுத் தேர்வை மூன்று முறை எழுதினாள். முதல் முறை தோற்றபோது வீடே அவளைத் தேற்றியது. இரண்டாம் முறை தோற்றபோது அவள் வீட்டைத் தேற்றினாள். மூன்றாம் முறை யாரும் யாரையும் தேற்றவில்லை. அரசுக் கல்லூரிக்கு மதிப்பெண் எட்டாது என்று தெரிந்த அன்று சாயங்காலமே அப்பா இரண்டு வழிகளை விசாரித்துக்கொண்டு வந்துவிட்டார். ஒன்று, பேருந்தில் போய் வரக்கூடிய தூரத்தில் புதிதாக முளைத்திருந்த தனியார் கல்லூரி. மற்றொன்று, விமானம் மாறி விமானம் ஏறிப் போக வேண்டிய ஒரு குளிர் தேசத்துக் கல்லூரி. இரண்டுமே இடம் தருவதாகச் சொல்லிவிட்டன. இரண்டுக்கும் வெள்ளிக்கிழமைக்குள் பதில் சொல்லியாக வேண்டும்.

"லிஃப்ட் மேல போகலாம், கீழ போகலாம். ரெண்டு மாடிக்கு நடுவுல மட்டும் நிக்கக் கூடாது. நீ இப்ப அங்கதான் நிக்கிற, டாக்டரம்மா" என்றார் அப்பா.

டாக்டரம்மா என்பது அவளுக்கு ஆறு வயதில் அவர் வைத்த பெயர். அவர் பழுது பார்க்கப் போகும் பெரிய ஆஸ்பத்திரி ஒன்றில் மருத்துவர்களுக்கு மட்டும் என்று எழுதி வைத்த லிஃப்ட் இருந்தது. கயிற்றைச் சோதித்து, எண்ணெய் போட்டு, மேலும் கீழும் ஓட்டிப் பார்த்துவிட்டு அவர் படியில் இறங்கி வருவார். அதில் அவருக்கு வருத்தம் கிடையாது. மகள் அதில் ஏறுவாள் என்பதில் சந்தேகமும் கிடையாது. தெருவும் அந்தப் பெயரைப் பிடித்துக்கொண்டது. மூன்றாம் தோல்விக்குப் பிறகும் விடவில்லை. காய்கறிக்காரர் "என்ன டாக்டரம்மா, தக்காளி எவ்வளவு போட?" என்று கேட்கும்போதெல்லாம் அவளுக்குக் கன்னத்தில் அறைந்தது போலிருக்கும்.

வியாழக்கிழமை காலையில் இருவரும் உள்ளூர்க் கல்லூரியைப் பார்க்கப் போனார்கள். கட்டடம் பளபளவென்றிருந்தது. சேர்க்கை அதிகாரி கை குலுக்கினார், குளிர்ந்த தண்ணீர் கொடுத்தார், பேச ஆரம்பித்தவர் நிறுத்தவே இல்லை. அப்பாவோ லிஃப்ட்டைப் பார்க்கப் போய்விட்டார். எங்கே போனாலும் முதலில் அதைத்தான் பார்ப்பார். அவள் ஆஸ்பத்திரிப் பக்கம் நடந்து, திறந்திருந்த ஒரு வார்டுக்குள் நுழைந்தாள்.

கட்டில் ஒன்றுகூடக் காலியாக இல்லை. ஆனால் முனகல் இல்லை, இருமல் இல்லை, மருந்து வாடையும் இல்லை. மூலையில் இரண்டு பெண்கள் ஒரே கட்டிலில் உட்கார்ந்து பிஸ்கட் தின்றுகொண்டிருந்தார்கள். ஜன்னல் பக்கத்துக் கட்டிலில் படுத்திருந்த அம்மாள் இவளைப் பார்த்துச் சிரித்தாள்.

"உங்களுக்கு என்னம்மா செய்யுது?"

"எனக்கா? இரு, பார்த்துச் சொல்றேன்." கால்மாட்டில் தொங்கிய அட்டையை எட்டி எடுத்துக் கண்ணைச் சுருக்கிப் படித்தாள். "வயித்து வலி. நேத்து மூச்சுத் திணறல் போட்டிருந்தாங்க."

பிஸ்கட் தின்றவள் குறுக்கே வந்தாள். "எனக்கு ரெண்டு நாளா சர்க்கரை. இந்தா, கிரீம் பிஸ்கட் சாப்பிடறியா?"

வார்டே சிரித்தது. அவளுக்கு விளங்கச் சற்று நேரமாயிற்று. கல்லூரிக்கு அனுமதி கொடுக்கிறவர்கள் பார்வையிட வரப்போகிறார்கள். அதுவரை கட்டில்கள் நிறைந்திருக்க வேண்டும். பக்கத்துக் குடியிருப்புகளிலிருந்து வேனில் ஏற்றிக்கொண்டு வந்து படுக்க வைத்திருக்கிறார்கள்.

"எப்ப வருவாங்கன்னு யாருக்கும் தெரியல. படுத்துப் படுத்து முதுகு மட்டும் நிஜமாவே வலிக்குதும்மா" என்றாள் ஜன்னல் பக்கத்து அம்மாள். "நீ இங்க படிக்கப் போறியா? படி, படி. எங்களை வெச்சே கத்துக்க."

திரும்பி வரும் பேருந்தில் அப்பாவின் முகம் நிறைந்திருந்தது. "ஸ்ட்ரெச்சர் லிஃப்ட் பார்த்தேன். உள்பக்கத் தகடுல ஒரு கீறல் இல்ல. எவ்வளவு நல்லா பராமரிக்கிறாங்க தெரியுமா!"

இருபத்தைந்து வருஷமாக லிஃப்ட்டோடு வாழ்கிறவர். ஸ்ட்ரெச்சர் போய்வரும் லிஃப்ட்டில் கீறல் இல்லையென்றால் என்ன அர்த்தம் என்று அவருக்குத் தெரியாதா? அவள் வார்டில் பார்த்ததைச் சொன்னாள்.

"புது ஆஸ்பத்திரி. போகப் போக ஆளுங்க வருவாங்க."

"நான் படிச்சு முடிக்கிறதுக்குள்ளயாப்பா?"

அவர் பயணச்சீட்டை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார்.

"ரெண்டுமே வேணாம்னு சொன்னா என்னப்பா?"

நல்ல நகைச்சுவையைக் கேட்டதுபோல் அப்பா சிரித்தார். பக்கத்து இருக்கைக்காரர்கூடத் திரும்பிப் பார்த்தார். "அப்ப வெளிநாடுதான். நம்ம வீட்டுலயே ஒருத்தன் போய் படிச்சுட்டு டாக்டரா வந்து நிக்கிறான், நாம எதுக்கு முட்டி மோதணும்? நேரா அண்ணனைக் கேட்டுட்டு வா. அவன் போகச் சொன்னா போ. வேணாம்னு சொன்னா யோசிப்போம்."

அண்ணன் என்றது பெரியப்பா மகனை. இவளுக்கு இடம் பேசிய அதே இடைத்தரகர் மூலம், அதே குளிர் தேசத்தில் படித்துவிட்டு வந்தவன். குடும்பத்தில் யாருக்குத் தும்மல் வந்தாலும் "நம்ம டாக்டர்கிட்ட ஒரு வார்த்தை கேட்டுக்கோ" என்பார்கள். பெரியம்மா அவனுடைய வெள்ளைக் கோட்டை யாரிடமும் கொடுக்க மாட்டாள், தன் கையாலேயே இஸ்திரி போடுவாள். அடுத்த மாதம் அவனுக்குக் கல்யாணம்.

அவன் வேலை பார்க்கும் நர்சிங் ஹோமுக்கு அவள் இதற்கு முன் போனதில்லை. அம்மா பில் போடும் மருந்துக்கடையும் அதே தெருவில்தான் இருந்தது. வரவேற்பில் இருந்த பெண்ணிடம் அண்ணனின் பேரையும் அடையாளத்தையும் சொல்லி, அந்த டாக்டரைப் பார்க்க வேண்டும் என்றாள். அந்தப் பெண் கொஞ்சம் குழம்பினாள்.

"கண்ணாடி போட்டு, ஒல்லியா... ஓ, சம்மரி சாரா? பின்னாடி ரூம்ல இருப்பார், போங்க."

பின்னாடி ரூமில் ஜன்னல் கிடையாது. சலைன் பாட்டில் பெட்டிகள் கூரைவரை அடுக்கியிருந்தன. பெட்டிகளுக்கு நடுவே ஒரு கணினி, அதன் முன்னால் அண்ணன். வெள்ளைக் கோட்டு மடிப்புக் கலையாமல் ஆணியில் தொங்கியது. அவளைப் பார்த்ததும் முதலில் அவன் கை கோட்டை நோக்கித்தான் போனது.

"பாப்பா! போன் பண்ணிட்டு வரக் கூடாதா?"

அவள் வாயைத் திறப்பதற்குள் ஒரு நர்ஸ் எட்டிப் பார்த்தாள். "சம்மரி சார், மூணாம் பெட் வீட்டுக்குப் போகணும்னு குதிக்குது. சீக்கிரம் அடிச்சுக் குடுங்க. பெரிய டாக்டர் கையெழுத்துப் போட்டுட்டுக் கிளம்பணுமாம்."

நர்ஸின் பின்னாலேயே ஒரு முதியவர் வழி தெரியாமல் உள்ளே வந்தார். வலது பக்க வயிற்றை அழுத்திப் பிடித்திருந்தார். "டாக்டருங்களா?" என்றார்.

அண்ணனின் கை மேசையிலிருந்து எழும்பி, அவர் வயிற்றுக்குப் பாதி தூரம் போனது. பிறகு இறங்கிவிட்டது. "டாக்டர் வருவாருங்க. வெளிய உக்காருங்க ஐயா."

கதவு சாத்திக்கொண்டதும் அவள் வந்த காரியத்தைச் சொன்னாள்.

"இங்க இருக்கிற காலேஜ்ல நோயாளியே இல்லண்ணா. அதான் அங்க போகலாமான்னு உன்னைக் கேட்டுட்டு வரச் சொன்னார் அப்பா."

"அங்க நோயாளிக்குப் பஞ்சமே இல்ல." அவன் சிரிக்கப் பார்த்தான். "பாடம் எல்லாம் நமக்குத் தெரிஞ்ச மொழியிலதான் நடத்துவாங்க. ஆனா கட்டில்ல படுத்திருக்கிறவனுக்கு அவன் மொழிதானே தெரியும்? எங்க வலிக்குதுன்னு கேக்கறதுக்குக் கத்துக்கிட்டேன். நல்லாவே கேப்பேன். அவங்க மடமடன்னு பதில் சொல்லுவாங்க. எனக்கு ஒண்ணும் புரியாது. தலையை ஆட்டிட்டு அடுத்த கட்டிலுக்குப் போயிடுவேன். ஆறு வருஷமும் அப்படியே போச்சு."

"அப்புறம்?"

"அப்புறம் இங்க வந்து தகுதித் தேர்வு எழுதணும். அது பாஸ் பண்ணாத்தான் டாக்டர். நாலு தடவை எழுதிட்டேன்." கணினித் திரையைப் பார்த்துக்கொண்டே சொன்னான். "அதுவரைக்கும் இதுதான். டிஸ்சார்ஜ் ஆகிறவங்களுக்கு என்ன நோய், என்ன மருந்து குடுத்தோம்னு டைப் அடிக்கிறது. அதான் சம்மரி சார்."

"பெரியம்மாவுக்கு..."

"யாருக்கும் தெரியாது. பொண்ணு வீட்டுலயும். டாக்டர் மாப்பிள்ளைதான் வேணும்னு ஒத்தக் கால்ல நின்னவங்க அவங்க." அவன் நாற்காலியை அவள் பக்கம் இழுத்துப் போட்டுக்கொண்டான். "வீட்டுல சொல்லிடாத பாப்பா. உன் கால்ல வேணும்னாலும் விழறேன்."

"என்னண்ணா இது, பெரிய பேச்செல்லாம் பேசற. நான் சொல்லல. ஆனா போக மாட்டேன்னு சொன்னா ஏன்னு கேப்பாங்களே. ஏன்னு கேட்டா நான் என்ன சொல்ல?"

அவன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தான். பிறகு குரலை மாற்றிக்கொண்டு, "நீ என்னை மாதிரி இல்ல. நல்லா படிக்கிறவ. உன்னால முடியும்" என்றான்.

அது அண்ணனின் குரல் இல்லை.

"நீ போறதுக்கு முன்னாடி யாரைக் கேட்ட?"

"எனக்கு முன்னாடி போனவர் ஒருத்தர் இருந்தார். அவரைப் போய்ப் பார்த்தேன்."

"என்ன சொன்னார்?"

அண்ணன் விசைப்பலகையை இழுத்துக்கொண்டு மூணாம் பெட்டை அடிக்க ஆரம்பித்தான்.

வீடு திரும்பும் வழியெல்லாம் அவள் வாக்கியங்களைச் சேர்த்துக்கொண்டே வந்தாள். இரண்டும் வேண்டாம். டாக்டர் படிப்பே வேண்டாம். ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலைக்கான படிப்பு இருக்கிறது, அதில் சேர்ந்துகொள்கிறேன். அண்ணனைப் பற்றி ஒரு சொல்கூட வராத மாதிரி எல்லாவற்றையும் அடுக்கிக்கொண்டாள். அப்பாவின் முகம் எப்படி மாறும் என்பதையும் பார்த்துவிட்டாள். தாங்கிக்கொள்ளலாம் என்றுதான் தோன்றியது.

வாசலில் பெரியம்மாவின் செருப்பு கிடந்தது. உள்ளே நுழைவதற்குள் பெரியம்மா இனிப்பை எடுத்து அவள் வாயில் திணித்துவிட்டாள். "வா டாக்டரம்மா! இனி எங்க வீட்டுல ஒண்ணு, உங்க வீட்டுல ஒண்ணு!"

"அண்ணன் இப்பதான் போன் பண்ணினான்" என்றார் அப்பா. இத்தனை சந்தோஷமாக அவரைப் பார்த்து வருஷக்கணக்காகிறது. "உன்னைப் பத்தி ஒரே புகழ்ச்சி. யோசிக்கவே வேணாம் சித்தப்பா, தைரியமா அனுப்புங்கன்னுட்டான். நானும் சரின்னு தகவல் அனுப்பிட்டேன்."

வாயில் இனிப்பு இருந்ததால் உடனே பேச முடியவில்லை. விழுங்கிவிட்டுச் சொன்னாள்: "எனக்கு பயமா இருக்குப்பா. நான் போகல."

"பயமா? அதே பரீட்சைக்கு மூணு தடவை போய் உக்காந்தவளுக்கு பயமா?"

"என் பையனும் போறதுக்கு முந்தின நாள் இப்படித்தான் அழுதான்" என்றாள் பெரியம்மா. அவள் மணிக்கட்டைப் பிடித்துத் தன் மடியில் வைத்துக்கொண்டாள். "இப்ப பாரு எப்படி இருக்கான். அவனை மாதிரியே நீயும் வந்து நிப்ப, பாரு."

சேர்த்து வைத்த வாக்கியங்களில் ஒன்றுகூட வெளியே வரவில்லை. கையை மெல்ல விடுவித்துக்கொண்டு சமையலறைக்குப் போனாள்.

அம்மா விருந்தாளிக்குத் தேநீர் போட்டுக்கொண்டிருந்தாள். மகளைப் பார்த்ததும் அடுப்பைக் குறைத்துவிட்டு, குரலையும் குறைத்துக்கொண்டாள்.

"நேர்ல என்ன சொன்னான்?"

"போன்ல சொன்னதுதாம்மா."

"அந்த ஆஸ்பத்திரிச் சீட்டெல்லாம் எங்க கடைக்குத்தான் வருது. ரெண்டு வருஷமா பில் போடறேன். ஒரு சீட்டுல கூட அவன் கையெழுத்து நான் பார்த்ததில்ல. உங்க அப்பாகிட்ட இதைச் சொன்னா, அண்ணன் பையன் மேல பொறாமைன்னு சொல்லுவார். நீ உள்ள போய்ப் பார்த்தியே. அவன் அங்க என்னவா இருக்கான்?"

இந்த வீட்டில் முதல்முறையாக ஒருவர் கேட்க வேண்டியதைக் கேட்டிருந்தார். அம்மாவின் கண்கள் அவள் முகத்தை விட்டு அகலவில்லை. ஒரு சொல் போதும். அந்த ஒரு சொல்லால் அவள் பிழைத்துவிடுவாள். முன்னறையில் பெரியம்மா கல்யாண மண்டபத்தைப் பற்றி அப்பாவிடம் ஏதோ சொல்லிச் சிரித்தாள்.

"எல்லாத்தையும் அவன்தாம்மா எழுதறான். கையெழுத்து மட்டும் பெரிய டாக்டர் போடுவாராம். அங்க அப்படித்தானாம்."

அதில் பொய் என்று ஒரு சொல் இல்லை. அம்மா அவளையே பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு அம்மாவின் தோள்கள் தளர்ந்தன. சுமந்துகொண்டு வந்த எதையோ இறக்கி வைத்தது போல் இருந்தது.

"அப்படியா? நான் ஒரு பைத்தியக்காரி, என்னென்னவோ நினைச்சுட்டேன்." முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். "போய்ட்டு வா கண்ணு. ஆறு வருஷம்தானே."

தேநீரை ஊற்றி எடுத்துக்கொண்டு அம்மா முன்னறைக்குப் போனாள். கொஞ்ச நேரத்தில் அவளும் சிரிப்பது கேட்டது.