தாய்மாமன் மடி

பஞ்சம்மாள் தன் மகள் சினேகாவின் காதுகுத்தை ரெண்டு தடவை தள்ளி வைத்தாள். "அமெரிக்காவுல இருந்து என் தம்பி வரட்டும். தாய்மாமன் மடி இருக்க, வேற மடி எதுக்கு?" என்று வருவோர் போவோரிடமெல்லாம் சொன்னாள். சின்னமனூர்ச் சொந்தபந்தம் மொத்தமும் மூக்கில் விரல் வைத்தது, தம்பி மேல் இம்புட்டுப் பாசமா என்று. பாசமாவது மண்ணாங்கட்டியாவது! ஒன்பது வருசமாக வயிற்றில் நெருப்பைக் கட்டிக்கொண்டு அலைந்தவள் அவள்.

அவளும் தம்பி விஜயபாண்டியும் ஒரே பிரசவத்தில் பிறந்தவர்கள். அவள் முந்தி, அவன் பிந்தி. ப்ளஸ்டூவிலும் அவள்தான் முந்தி. தொண்ணூற்றேழில் இஞ்சினியரிங் கவுன்சிலிங்குக்கு அப்பா ராக்கையா ரெண்டு பேரையும் சென்னைக்குக் கூட்டிப்போனார். ரெண்டு பேருக்குமே அரசாங்கக் கல்லூரியில் இடம் கிடைக்கிற மார்க்கு. கட்டணம் சொற்பம், மிச்சச் செலவெல்லாம் அரசாங்கத்தோடது. அவள் பேரைக் கூப்பிட்டார்கள். எழுந்தாள். அப்போதுதான் தம்பி வாயைத் திறந்தான்.

"அக்காவுக்கு எதுக்குப்பா? நாளைக்குக் கட்டிக்கிட்டுப் போயி அடுப்படியில கிடக்கும். கவர்மெண்டு காசுதான் பாழு. அந்த இடத்துல ஒரு பையன் படிச்சா நாட்டுக்காவது ஆகும்."

அப்பா கொஞ்சம் யோசித்தார். பிறகு அவள் கையைப் பிடித்து இழுத்து உட்கார வைத்துவிட்டார்.

நாட்டுக்கு ஆக வேண்டியவன் நாலு வருசம் அரசாங்கச் செலவில் படித்தான், முடித்த கையோடு பிளேன் ஏறினான். அவள் சிமெண்டுக் கடை சுருளியாண்டிக்கு வாக்கப்பட்டு, தம்பி சொன்னபடியே அடுப்படிக்குப் போனாள். சுருளியாண்டி நல்ல மனுசன், அவரைக் குறை சொல்ல முடியாது. ஆனால் கல்யாணத்துக்குக்கூட வராமல், "லீவு இல்லக்கா" என்று போனில் சிரித்தானே தம்பி, அன்றைக்கே அவள் மனசுக்குள் சொல்லிக்கொண்டாள், இருலே, உனக்கு இருக்கு என்று.

ரெண்டாயிரத்தாறு தையில் வந்து சேர்ந்தான். ஆண்டிபட்டிப் பக்கத்துக் குலசாமி கோயில் வாசலில் அவன் படம் போட்ட பேனர், 'அமெரிக்க இஞ்சினியர் தாய்மாமன்' என்று. சீர்த்தட்டும் மேளமும் ஆட்டுக்கிடாயுமாக அவன் வந்து இறங்க, ஊரே வாயைப் பிளந்தது. இதற்காகவே அமெரிக்காவில் வேட்டி கட்டிப் பழகினானாம்.

ஆசாரி ஊசியைத் துடைத்துக்கொண்டு, "தாய்மாமன் உக்காரலாம்" என்றார். விஜயபாண்டி மனையில் சம்மணம் போட்டு, மடியில் துண்டை விரித்துக் கையை நீட்டினான்.

பஞ்சம்மாள் பிள்ளையோடு அவனைத் தாண்டிப் போனாள். பந்திக்கு இலை போட்டுக்கொண்டிருந்த சித்தப்பா மகன் அய்யாத்துரையைக் கூப்பிட்டாள்.

"ஏலே அய்யாத்துரை, நீ வந்து உக்காரு. எனக்குக் கூடப் பிறந்தவன்னு எவனும் இல்ல."

மேளக்காரர்கள் கையை நிறுத்திவிட்டார்கள். ராக்கையா, "ஏ ஆத்தா, சபையில என்ன பேச்சுப் பேசுற" என்று பதறிக்கொண்டு ஓடிவந்தார். மகள் முகத்தைப் பார்த்ததும் அவருக்குச் சென்னை ஞாபகம் வந்துவிட்டது. தூணோரம் போய் நின்றார். அய்யாத்துரை தயங்கினான். அவன் கையில் பிள்ளையைத் திணித்து, தோளை அமுக்கி உட்கார வைத்தாள்.

விஜயபாண்டி எழுந்து அவள் பின்னாலேயே வந்தான். "நான் என்னக்கா தப்புச் செஞ்சேன்? சத்தியமாத் தெரியலக்கா." கண் கலங்கிப்போயிருந்தது.

சத்தியமாகவே அவனுக்கு ஞாபகம் இல்லை. அதுதான் அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அடப்பாவி, ஒருத்தி ஆயுசையே தட்டிப் பறித்துவிட்டு, போன வாரம் தின்ற சோற்றை மறக்கிற மாதிரி மறந்திருக்கிறான்! சபையில் வைத்து எல்லாத்தையும் கொட்ட வேண்டுமென்றுதான் நேற்றுவரை நினைத்திருந்தாள். இப்போது வேண்டாமென்று பட்டது. சொன்னால் மன்னிப்புக் கேட்பான், காலில்கூட விழுவான். பிறகு மனசு லேசாகிப் பிளேன் ஏறிவிடுவான்.

"தெரியலையா? அப்ப யோசி" என்றாள்.

பின்னால் பிள்ளை வீல் என்று அழுதது. ஒரு காது முடிந்திருந்தது.

சாப்பிடாமலே அவன் காரில் போய் உட்கார்ந்தான். மறுவாரமே அமெரிக்காவுக்குக் கிளம்பிவிட்டான்.

இப்போது ஞாயிற்றுக்கிழமை தவறாமல் போன் வருகிறது. "அக்கா, அப்பாகிட்டக் கேட்டா வாயே திறக்க மாட்டேங்கிறாக. தூக்கமே இல்லக்கா. என்னன்னு மட்டும் சொல்லிடுக்கா."

அவள் குழம்பைக் கிண்டிக்கொண்டே கேட்பாள். வாரத்துக்கு வாரம் அவன் குரல் கம்மிக்கொண்டே வருகிறது. அதைக் கேட்க அவளுக்கு இனிக்கிறது, பொய் சொல்வானேன்.

"அங்கன இப்பக் குளிராமே, உடம்பைப் பாத்துக்கப்பா" என்பாள். போனை வைத்துவிடுவாள்.