ஆள் வராமல் வண்டி நகராது

“ஆள் வராம வண்டி நகரக் கூடாது அண்ணே. எஞ்சினை அணைங்க.”

இதைச் சொன்னபோது அவளுடைய ஒரு கால் வேனின் படியிலும் இன்னொரு கால் மருத்துவமனை வாசலின் தார்த் தரையிலும் இருந்தது. கதவை மூட வேண்டுமென்றால் அவளைத் தள்ளிவிட்டுத்தான் மூட வேண்டும். ஓட்டுநர் கண்ணாடி வழியாக அவளைப் பார்த்தார். எஞ்சினை அணைக்கவில்லை. ஆனால் கியரிலிருந்து கையை எடுத்துவிட்டார். உள்ளே உட்கார்ந்திருந்த பெரியவர்கள் எல்லோரும் ஒரே நேரத்தில் பேச்சை நிறுத்தினார்கள்.

முதியவர்களை வேனில் மருத்துவமனைக்கு அழைத்துப் போய்வரும் நகராட்சியின் சமூக சேவைப் பிரிவில் தன்னார்வலராகச் சேர்ந்த முதல் நாளே அவளுக்குச் சொல்லப்பட்ட பாடம் இது. ஒருங்கிணைப்பாளர் மேடம் பச்சை மேலங்கி ஒன்றை எடுத்து மேசை மேல் வைத்துவிட்டு, “வயசானவங்களைக் கையைப் பிடிச்சு ஏத்து, இறக்கு, பேசு, சிரி, என்ன வேணா செய். டிரைவர்கிட்ட மட்டும் ‘கொஞ்சம் இருங்க’ன்னு ஒரு வார்த்தை சொல்லிடாத. சொன்னவங்க யாரும் இங்க நிலைச்சதில்ல” என்றாள். அன்று அவள் தலையை ஆட்டினாள். குடும்பத்தில் முதன்முதலாகக் கல்லூரி வாசலை மிதித்தவளுக்குத் தலையாட்டுவதன் விலை நன்றாகத் தெரியும். சம்பளமில்லாமல் ஒரு வருடம் ஓட்டினால், தற்காலிக உதவியாளர் பணிக்கு முதல் பெயராக அவள் பெயர் போகும். அதற்காகத்தான் அவள் அம்மா இஸ்திரி வண்டியில் ஊர்த் துணிகளோடு சேர்த்து அந்த நைலான் மேலங்கியையும் தேய்க்கப் போய், அதன் முதுகில் இஸ்திரிப் பெட்டி அளவுக்கு ஓர் உருகிய தழும்பை உண்டாக்கி வைத்திருந்தாள்.

“மணி ஆகுதும்மா,” என்றார் ஓட்டுநர்.

“ஆகட்டும். தையல்காரம்மாவுக்குக் கண்ணுல மருந்து ஊத்தி உட்கார வச்சிருக்காங்க. இன்னும் டாக்டர் கூப்பிடல. கண்ணு தெரியாம அவங்க எப்படி வீட்டுக்கு வருவாங்க?”

“போன வாரம் வந்தாங்கல்ல?”

அந்த ஒரு கேள்வியில் அவளுக்குக் காது வரை சூடேறியது.

போன வாரம் நடந்தது இந்த வண்டியில் மட்டுமே நடக்கக்கூடிய தப்பு. மருத்துவமனையில் இறங்கும்போது ஒவ்வொருவர் மணிக்கட்டிலும் ஒரு மஞ்சள் ரப்பர் வளையத்தை மாட்டிவிடுவார்கள். திரும்பி ஏறும்போது அதைக் கழற்றி ஓட்டுநர் இருக்கைக்குப் பின்னால் தொங்கும் பையில் போட வேண்டும். வளையங்கள் எல்லாம் சேர்ந்துவிட்டால் ஆட்கள் எல்லோரும் சேர்ந்துவிட்டதாகக் கணக்கு. யாரும் முகத்தைப் பார்ப்பதில்லை. போன வாரம் எக்ஸ்ரே அறையில் நர்ஸ், கையில் இருப்பதையெல்லாம் கழற்றச் சொல்லியிருக்கிறாள். தையல்காரம்மா வளையத்தைக் கழற்றி, வரிசையில் பக்கத்தில் நின்ற போஸ்ட்மேன் தாத்தாவிடம் “பத்திரமா வச்சிருங்க” என்று கொடுத்திருக்கிறாள். அவர் ஆயுள் முழுக்க, கையில் கொடுத்ததைச் சேர வேண்டிய இடத்தில் சேர்த்தே பழகிய மனிதர். தன் வளையத்தோடு அதையும் கொண்டுவந்து பையில் போட்டுவிட்டு, கடமை முடிந்த திருப்தியில் ஜன்னலோரம் உட்கார்ந்து தூங்கிப்போனார். பையிலிருந்த வளையங்களை எண்ணிப் பார்த்து “சரியா இருக்கு அண்ணே, போலாம்” என்று சொன்னது அவள்தான்.

தையல்காரம்மாவின் மகன் வேலை முடிந்து வீட்டுக்கு வந்து, அம்மாவைக் காணாமல் தேடிக்கொண்டு போனபோது, பொழுது சாய்ந்துவிட்டது. அவள் மருத்துவமனை வாசல் பெஞ்சில் அதே இடத்தில் உட்கார்ந்திருந்தாள். விஷயம் தெரிந்து மறுநாள் இவள் அவர்கள் வீட்டுக்கு ஓடினாள். திட்டு வாங்கத் தயாராகத்தான் போனாள். ஆனால் தையல்காரம்மா திட்டவில்லை. “வண்டி சுத்திக்கிட்டு வரும்னு நினைச்சேன் கண்ணு. நகர்ந்தா விட்டுட்டுப் போயிடுவீங்களோன்னு ஒண்ணுக்குக்கூடப் போகல” என்று மட்டும் சொன்னாள். இரண்டு கன்னத்திலும் அறைந்திருந்தால்கூட அவளுக்கு அவ்வளவு வலித்திருக்காது. “இனிமே நீங்க ஏறாம வண்டி நகராதும்மா” என்று வாக்குக் கொடுத்துவிட்டு வந்தாள். வாக்குக் கொடுப்பதற்குத் தனக்கு என்ன அதிகாரம் இருக்கிறது என்று அவள் அப்போது யோசிக்கவில்லை. கோபம் வந்தால் அவள் யோசிப்பதில்லை. “வாயுள்ள பிள்ளை பிழைக்கும்னு சொன்னவன் உன் வாயைப் பாக்கலடி” என்று அம்மா அடிக்கடி சொல்வாள்.

இப்போது அந்த வாக்குதான் ஒரு காலைப் படியில் வைத்து நின்றுகொண்டிருந்தது.

“நான் வேலை பாத்த காலத்துல தந்திகூட இவ்வளவு லேட்டானதில்ல,” என்றார் போஸ்ட்மேன் தாத்தா.

“நீங்க வாயைத் திறக்காதீங்க. போன வாரம் ஒரு பொம்பளையையே விலாசம் இல்லாம விட்டுட்டு வந்த ஆளு நீங்க,” என்றாள் முன் இருக்கையில் இருந்த அம்மாள். வண்டியில் சிரிப்பு எழுந்தது. தாத்தா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

ஓட்டுநர் சிரிக்கவில்லை. அவருடைய போன் அடித்தது. எடுத்து, காதில் வைக்காமல், ஒலிபெருக்கியைப் போட்டு அவள் பக்கம் நீட்டினார். ஒரு பெண் குரல் படபடத்தது: “அண்ணே, எங்க இருக்கீங்க? பிள்ளைங்களை வாசலுக்குக் கொண்டுவந்துட்டோம். நிழலே இல்ல. ஒருத்தன் அழ ஆரம்பிச்சுட்டான், அவனைப் பாத்து மத்ததுங்களும்…”

“கேட்டுக்கிட்டியா?” என்றார் ஓட்டுநர். “இந்த வண்டியேதான் உங்களை இறக்கிவிட்டுட்டு நேரா மாற்றுத்திறனாளிப் பிள்ளைங்க பள்ளிக்கூடத்துக்குப் போகணும். ஒரே வண்டி. உனக்கு ஒரு அம்மா நிக்குறாங்க. எனக்கு ஒரு பள்ளிக்கூடமே நிக்குது. நான் என்ன மனசில்லாதவனா? சொல்லு.”

அத்தனை மாதமாக அந்த வண்டியில் ஏறி இறங்கியவளுக்கு, அது தங்களை இறக்கிவிட்ட பிறகு எங்கே போகிறது என்று கேட்கத் தோன்றியதே இல்லை. ஓட்டுநர் அவசரப்படுவது சாப்பாட்டுக்காக என்றுதான் நினைத்திருந்தாள். ஆனாலும் படியிலிருந்து காலை எடுக்கவில்லை. எடுத்தால் பெஞ்சு. எடுக்காவிட்டால் வெயில். அவள் இரண்டையும் மனசுக்குள் நிறுத்துப் பார்த்துக்கொண்டிருக்கும்போதே, உள்ளிருந்து ஒரு வார்டு உதவியாளரின் தோளைப் பிடித்தபடி, கண்களைச் சுருக்கிக்கொண்டு, தரையைக் காலால் தடவித் தடவி தையல்காரம்மா வந்தாள். வண்டி எந்தத் திசையில் நிற்கிறது என்று தெரியாமல், எங்கோ பார்த்து, “இருக்கீங்களா?” என்று கேட்டாள்.

“இருக்கோம்மா,” என்று ஓட்டுநர்தான் முதலில் பதில் சொன்னார்.

பெரியவர்களை அவரவர் தெருவில் இறக்கிவிட்ட பிறகு அவள் வழக்கம்போல இறங்கிக்கொள்ளவில்லை. பள்ளிக்கூடம் வரை கூடப் போனாள். வாசலில், இரும்புக் கதவின் கம்பி நிழலுக்குள் ஒடுங்கி, பிள்ளைகள் நின்றன. சக்கர நாற்காலியில் இருந்த ஒரு பெண் பிள்ளையின் முகம் சிவந்து, உதடு உலர்ந்திருந்தது. ஒரே ஒரு குடையை ஆயாம்மா ஒவ்வொரு தலையாக மாற்றி மாற்றிப் பிடித்துக்கொண்டிருந்தாள். யாரும் இவளைத் திட்டவில்லை. அவள் ஒவ்வொரு பிள்ளையாகத் தூக்கி உட்கார வைத்து, பெல்ட்டை மாட்டி, “மன்னிச்சுக்கடா” “மன்னிச்சுக்கம்மா” என்று முணுமுணுத்தாள். அதில் ஒன்று அவள் மேலங்கியின் ஜிப்பைப் பிடித்து மேலும் கீழும் இழுத்து விளையாடியது. கடைசிப் பிள்ளையும் வீடு சேர்ந்ததும் ஓட்டுநரிடம், “தப்பு என்மேலதான் அண்ணே. ஆனா அவங்களை விட்டுட்டு வந்திருந்தாலும் தப்புதான்” என்றாள்.

“அதைத்தான் நான் இத்தனை வருஷமா ஓட்டிக்கிட்டிருக்கேன்,” என்றார் அவர்.

அந்தப் பதில் அவளை விடவில்லை. அலுவலகத்துக்குத் திரும்பும் வழியெல்லாம் அதைச் சுற்றியே மனசு ஓடியது. வண்டி ஒன்றுதான். அதைப் பிடித்து நிறுத்துவதில் வீரம் ஒன்றுமில்லை. வண்டி போகட்டும். ஆனால் வண்டியோடு தன்னார்வலரும் ஏன் போக வேண்டும்? ஏறியவர்களுக்குத் துணை எதற்கு? ஏறாமல் போனவர்களுக்குத்தானே துணை வேண்டும்? இவ்வளவு எளிய விஷயம் எப்படி யாருக்கும் தோன்றாமல் போயிற்று என்று வியந்தபடி அவள் மேடத்தின் அறைக்குள் நுழைந்தாள்.

பள்ளியிலிருந்து புகார் ஏற்கெனவே வந்திருந்தது. மேடம் கெட்டவள் இல்லை. நாற்காலியில் உட்காரச் சொன்னாள். மின்விசிறியை அவள் பக்கம் திருப்பிவிட்டாள்.

“உன்னை நான் விட்டுக்கொடுக்க மாட்டேன். அந்தப் போஸ்ட்டுக்கு உன் பேரைத்தான் அனுப்பப் போறேன். டிரைவர்கிட்ட ஒரு ஸாரி சொல்லிடு. இனிமே இப்படி நடக்காதுன்னு எனக்கு ஒரு வார்த்தை சொல்லிடு. முடிஞ்சுது.”

“அவர்கிட்ட சொல்லிட்டேன் மேடம். பிள்ளைங்ககிட்டயும் சொல்லிட்டேன். வண்டியை இனிமே நிறுத்தச் சொல்ல மாட்டேன்.”

“அப்பாடா. இவ்வளவுதான் விஷயம்.”

“வண்டி போகட்டும். முடியாம உள்ள இருக்கிறவங்களோட நான் அங்கேயே இருந்துக்கறேன். டவுன் பஸ்ல கூட்டிட்டு வந்து வீட்ல விடறேன்.”

மேடத்தின் முகம் மாறியது. “அது முடியாது. தன்னார்வலர் வண்டியில போகணும், வண்டியில வரணும். பஸ் படியில ஏறும்போது அவங்க விழுந்துட்டா யார் பொறுப்பு?”

“வாசல் பெஞ்சுல விட்டுட்டு வந்தோமே, அதுக்கு யார் பொறுப்பு?”

“வாசல்ல விட்டா அது அவங்க லேட். பஸ்ல விழுந்தா அது நம்ம தப்பு.”

சொல்லி முடித்த பிறகுதான் அந்த வாக்கியம் மேடத்தின் காதிலேயே விழுந்திருக்க வேண்டும். அவள் மேசைக் கண்ணாடியை விரலால் துடைத்தாள். அங்கே தூசு எதுவும் இல்லை.

“நம்ம தப்பு ஆகாம இருக்கறதுக்குத்தான் இவ்வளவும்னா, சேவைன்னு எதுக்கு மேடம் பேரு?”

“பேசறது சுலபம்மா. நான் இந்த நாற்காலியில உட்கார்ந்து பதில் சொல்ற ஆளு. ஒரு எலும்பு முறிஞ்சா, இந்த வண்டியையே நிறுத்திடுவாங்க. அப்புறம் ஒருத்தருமே ஆஸ்பத்திரிக்குப் போக முடியாது. உன் ஒருத்தி ரோஷத்துக்கு இத்தனை பேரைப் பணயம் வைக்க முடியுமா?” மேடம் குரலைத் தாழ்த்தினாள். “உங்க அம்மா என்னைப் பாக்கறப்ப எல்லாம் உன் வேலையைப் பத்தித்தான் கேக்கறாங்க. இன்னும் கொஞ்ச நாள். கண்ணை மூடிக்கிட்டு இரு. வேலைக்கு வந்த பிறகு உள்ளே இருந்து மாத்து.”

கண்ணை மூடிக்கொண்டு. மருந்து ஊற்றிய கண்களோடு ஒருத்தி “இருக்கீங்களா?” என்று கேட்ட குரல் அவள் நெஞ்சில் வந்து உட்கார்ந்தது. மேடம் சொன்னதில் பாதி நியாயம் என்பதுதான் அவளுக்கு ஆத்திரமாக இருந்தது. முழுப் பொய்யென்றால் கத்திவிட்டுப் போகலாம். பாதி நியாயத்தின் முன்னால்தான் அப்பா வாழ்நாளெல்லாம் மூட்டை தூக்கினார், அம்மா துணி தேய்த்தாள், தானும் தலையாட்டினாள். உள்ளே வந்து மாற்றியவர் யாரையும் அவள் பார்த்ததில்லை. வந்தவர்களெல்லாம் நாற்காலிக்கு ஏற்றபடி மாறியதைத்தான் பார்த்திருக்கிறாள்.

“உங்க பேரு கெடாது மேடம்,” என்றாள் மேலங்கியைக் கழற்றியபடி. “நான் தன்னார்வலரா இருந்தா அது உங்க தப்பாகும். வெறும் மனுஷியா வந்து அந்த வாசல்ல நின்னா, அது என் இஷ்டம். யாரும் கேக்க முடியாது.”

“அந்தப் போஸ்ட்டு?”

“அடுத்த பேர் இருக்கும்ல. அனுப்பிடுங்க.”

அம்மா என்ன சொல்வாள் என்று அவளுக்குத் தெரியும். “ஊருக்கு ஒழைச்சது போதும், அடுப்புக்கு என்னடி வழி?” என்பாள். அதற்காக நடையைக் குறைக்காமல் அறையை விட்டு வெளியேறினாள். மாடிப்படியில் எதிரே வந்த ஓட்டுநர், மேலங்கி இல்லாத அவள் தோளைப் பார்த்துவிட்டு, சுவரோடு ஒதுங்கி வழிவிட்டார்.

வாசலைத் தாண்டி நேராக நிறுத்தத்துக்குப் போனாள். மருத்துவமனை வழியாகப் போகும் பஸ் ஒன்று வந்து, மூச்சுவிட்டு நின்றது. அவள் வலது காலை முதல் படியில் வைத்தாள். முழங்கால் எவ்வளவு மேலே மடங்குகிறது என்று குனிந்து பார்த்தாள். இறங்கினாள். கம்பியைப் பிடிக்காமல் ஒரு தடவை ஏறினாள். பிறகு கண்ணை இறுக மூடிக்கொண்டு, கையால் துழாவிக் கம்பியைத் தேடிப் பிடித்து, இன்னொரு தடவை.

“ஏம்மா, ஏறுறியா இறங்குறியா?” என்று கத்தினார் கண்டக்டர்.

அவள் கண்ணைத் திறக்காமல், காலால் அடுத்த படியைத் தடவிக்கொண்டிருந்தாள்.