கட்டாத வெண்ணூல்

மழை ஓய்ந்த மாலைப்பொழுதில், இரு நாடுகளின் எல்லையாய்ச் செம்புனல் பெருகிய மோய் ஆறு, அக்கரையில் எரிந்த ஊர்களின் கரியையும் முறிந்த மூங்கில்களையும் சுமந்து, இக்கரையின் தஞ்சக் குடில்களை உரசியவாறு, எவர் துயரையும் கேளாத செருக்கோடு சென்றுகொண்டிருந்தது. மிதவைகளில் வந்திறங்குவோரைக் கைதூக்கிவிட்டு, சேறு கழுவி, சுடுசோறும் மீன்விழுதும் இட்டு, அச்சத்தால் உடலைவிட்டு அகன்ற உயிரை மர அகப்பையால் குடிலின் படியைத் தட்டி அழைத்து, அது மீண்டும் அகலாதிருக்க மணிக்கட்டில் வெண்ணூல் கட்டும் கரென் என்னும் மலைக்குலப் பெண்டிருள் நௌ மூயே என்பாள் முதல்வியாய் நின்றாள். கூலி கேளாது உழைக்கும் அவளைக் கண்டோர் அருளின் வடிவென்று போற்றினர்.

அருளன்று, கற்றோரே! தன் அன்னையைக் குடிலோடு கொளுத்திய படைவீரனின் இடக்காது மடலை, அவ்வன்னை தன் பற்களால் கடித்தெடுத்ததைப் புதர்மறைவிலிருந்து கண்டவள் அவள். படையைவிட்டு ஓடுவோரும் இத்துறைக்கே வருவர் என்றறிந்த நாள்முதல், ஈரத்தலை துவட்டும் சாக்கில் ஒவ்வோர் ஆடவன் காதையும் தேடினாள்.

அன்று மடலிழந்த அக்காது அகப்பட்டது. காலில் குண்டு பாய்ந்து, காய்ச்சலில் நடுங்கிக் கிடந்த அவன் பெயர் தெய்ன் மௌங்.

"என்னடி, மாப்பிள்ளை பாக்க வந்தவ மாதிரி வெறிச்சுப் பாக்குற? சோறு ஆறுது, போடு!" என்று சீண்டினாள் உலையருகே நின்ற தோழி ப்ளேபோ.

விறகு பிளக்கும் கொடுவாள் கைக்கெட்டும் தொலைவில் கிடந்தது. மூயே அதைப் பார்த்தாள், பின்பு சோறிட்டாள். புண் ஆறும்வரை மருந்திட்டாள். எழுந்து நடக்கத் தொடங்கிய அவன், ஒருநாள் தன் கையை நீட்டினான்.

"அக்கா, எல்லாருக்கும் நூல் கட்டுறீங்க, எனக்கு மட்டும் இல்லையே? கண்ண மூடினா நெருப்புதான் தெரியுது. என் உசுரு இன்னும் அங்கயே நிக்குது."

"எங்க?"

"ஒரு வீட்டு வாசல்ல. உள்ள ஒரு அம்மா..."

"எங்கம்மா."

அவன் கை தானாகவே காதை மூடிற்று.

"சோறு போடுவேன், மருந்து வெப்பேன், உன்னைச் சாகவும் விடமாட்டேன். உன் உசுர மட்டும் கூப்பிட மாட்டேன். இந்தக் கரையில வேற எவளும் கூப்பிட மாட்டா, சொல்லி வெச்சிருக்கேன். அது அங்கயே நின்னு எங்கம்மாவுக்குப் பதில் சொல்லட்டும்."

அவன் அத்துறையை விட்டு அகலவில்லை. விடியல்தோறும் அவளுக்கு ஆற்றுநீர் சுமந்து வைத்தான். அவள் அந்நீரிலேயே உலை ஏற்றினாள். அவன் நீட்டிய வெறுங்கையை மட்டும் ஏறெடுத்தும் பார்த்திலள். பழி தேடி வந்த கை, நூலை மறுத்துப் பழியைத் தீர்த்த பின்னும் ஓயாது சோறிட்டது. உண்டோர் பசி, அச்சோற்றை வடித்த நெஞ்சின் வெம்மையை ஒருநாளும் வினவியதில்லை.