சோற்றுப்பானைக்குள் வெடித்த துவக்கு

1987ஆம் ஆண்டு ஐப்பசியில் ஒரு சனிக்கிழமை, வில் என்ற சுவிஸ் நகரத்துச் சூட்டுத்திடலில் எக்லி என்பவர் சுட்ட துவக்கின் சத்தம் அங்கே கேட்கவில்லை. ஊரின் மற்ற அந்தத்தில், அவருடைய வீட்டு மேல்மாடியில் வாடகைக்கு இருந்த ஞானேஸ்வரியின் சோற்றுப்பானைக்குள் அது கேட்டது. மூடி கூரையில் முட்டிக் கீழே விழுந்தது. அரைவேக்காட்டுச் சோறு சாம்பல் நிறமாகி, எரிந்த செப்பின் நாற்றம் நாறியது. அந்தக் கிழமை உருளைக்கிழங்கு விலையும் கொஞ்சம் ஏறியிருந்தது. யாழ்ப்பாணத்தில் அடுக்களைக்குள் ஷெல் விழுந்த பிறகு ஊரை விட்டவள் ஞானேஸ்வரி. ஆகவே யோசிக்காமல் மேசைக்குக் கீழே போய்க் குந்தினாள், குந்தினபடியே வாந்தி எடுத்தாள். அவளுக்கு அப்போது ஐந்து மாதம். வெறுஞ்சோற்றைத் தவிர வேறெதுவும் அவள் வயிற்றில் தங்குவதில்லை. இப்போது சோறும் போயிற்று.

இதற்கெல்லாம் காரணம் பால். புது வீட்டுக்குப் போனால் பால் காய்ச்ச வேண்டும், அது நெருப்பில் பொங்கி வழிய வேண்டும் என்பதில் ஞானேஸ்வரி உறுதியாக இருந்தாள். மேல்மாடியில் இருந்ததோ மின்சார அடுப்பு. அதில் ஒரு சொட்டுச் சிந்தினாலும் எக்லி முகம் சுளிப்பார். அதனால் அவளும் கணவன் நித்தியானந்தனும், துணி துவைக்க நிலவறைப் பூட்டின் திறப்பு தங்கள் கைக்கு வரும் முறைநாள் வரை காத்திருந்து, பழைய பொருள் கடையில் வாங்கிய, பாற்கட்டி உருக்கும் சின்ன ஃபொண்டு அடுப்பை அங்கே கொண்டுபோய்ப் பற்றவைத்தார்கள். அதே நிலவறையின் மறு மூலையில்தான் எக்லி தோட்டா தயாரிக்கும் மேசை இருந்தது. வெடிமருந்துக்குப் பக்கத்தில் நெருப்பு. வீடே பறந்திருக்கலாம், பறக்கவில்லை. பால் மட்டும் பொங்கி, கிழக்குப் பக்கமாக அழகாக வழிந்து, மேசையில் இருந்த பிரைமர் தட்டுக்குள் போய் நிறைந்தது.

பிரைமர் என்பது தோட்டாவின் அடியில் பதிக்கிற, பருப்பளவான ஒரு செப்புக் கிண்ணம். துவக்கின் ஊசி குத்தினால் அது தீப்பொறி கக்கும், மருந்து எரியும், குண்டு போகும். அவ்வளவுதான் விஷயம். அந்தப் பருப்புக்காக எக்லி இரண்டு பனிக்காலங்களைச் செலவழித்திருந்தார். ஒரு கம்பனியின் கிண்ணம் தடிப்பு, ஊசி குத்தினாலும் சிலவேளை முழிக்காது. இன்னொன்றின் பொறி கடும் சூடு, குண்டுகள் சிதறும். மூன்றாவது நல்லது, ஆனால் பெட்டிக்குப் பெட்டி குணம் மாறும். கடைசியில் ஒரே தொகுப்பில் வார்த்த பிரைமர்களைத் தேடிப் பிடித்து, முந்நூறு மீற்றர் தூரத்து இலக்கில் குண்டுகளை ஒரே ஓட்டையில் இறக்கினார். பெற்ற பிள்ளைக்குப் பெண் பார்க்கிறவர்கள்கூட இந்தப் பாடு படுவதில்லை. அந்தத் தொகுப்பு இனிக் கிடைக்காது என்பதால், பாலில் ஊறியவற்றை எறிய அவருக்கு மனம் வரவில்லை. கைக்குட்டையால் ஒவ்வொன்றாகத் துடைத்துக் காயவைத்துப் பாவித்தார். மேசையிலும் பால் ஊறியிருந்தபடியால், பிறகு அங்கே வைத்து அடைத்த எந்தத் தோட்டாவுக்கும் அதே கதிதான்.

சத்தம் இல்லாததால் எக்லியின் தோள் திடுக்கிடவில்லை. அவ்வருடத்து மாவட்டப் போட்டியில் முதலாவதாக வந்து மாலை வாங்கினார். சூட்டுச் சங்கத்து மற்ற ஆட்களும் தங்கள் பிரைமர்களை அந்த மேசைக்குக் கொண்டுவந்தார்கள். பனிக்காலத்தில் பூட்டிக் கிடக்கும் திடல் அந்த வருடம் திறந்தே கிடந்தது. சத்தமே இல்லாத சூட்டுக்கு எந்த அயலவர் முறைப்பாடு செய்வார்? ஆனால் எந்தப் பிரைமர் சீராக வெடிக்கிறது என்பதைச் சத்தத்தை வைத்தல்லவா கணிக்க வேண்டும். கீழ்வீட்டிலிருந்து எக்லியின் மனைவி கேட்டுச் சொன்னபடி, சத்தம் ஞானேஸ்வரியின் அடுக்களையில் இருந்தது. ஆகவே எக்லி திடலில் சுட, மற்றவர்கள் படியேறி வந்து பானையைச் சுற்றி நின்று கேட்டார்கள்.

அந்தக் காட்சியை எழுதவே கை கூசுகிறது. திடற்சேறு அப்பிய சப்பாத்துகளோடு வந்தார்கள். வாயில் மாட்டுக்கொழுப்பு மணக்கும் சொசேஜைச் சப்பிக்கொண்டே மூடியைத் தூக்கி உள்ளே மூச்சு விட்டார்கள். ஒருவன் விரலை விட்டுச் சோற்றை நக்கிப் பார்த்தான், நக்கிய எச்சில் விரலை மறுபடியும் விட்டான். இது கூர்மை, இது மொட்டை, இதற்கு வால் நீளம் என்று பிரைமர்களுக்குப் பெயர் வைத்தார்கள். மேசைக்குக் கீழே ஒரு பெண் காதைப் பொத்திக்கொண்டு கிடப்பது அவர்களில் ஒருவனுக்கும் கண்ணில் படவில்லை.

"இஞ்சேருங்கோ, உவங்களை வெளிய போகச் சொல்லுங்கோ. எச்சில் பானையில நான் என்னத்தைத் தின்னுறது? வயித்துப் பிள்ளைக்கு என்னத்தைக் குடுக்கிறது?" என்றாள் அவள்.

"கொஞ்சம் பொறுத்துக்கொள்ளும். வீட்டுக்காரன். இறங்கெண்டு சொன்னானெண்டால் இந்தப் பனிக்குள்ள எங்க போறது?" என்றான் நித்தியானந்தன். சொல்லிவிட்டு அவர்களுக்குக் கோப்பி ஊற்றினான்.

பானையைப் புளி போட்டுத் தேய்த்தாள். புதுப்பானை வாங்கினாள். வெடி புதுப்பானைக்கு மாறியது. மார்கழியில் ஒரு சனிக்கிழமை, சட்டிபானை எல்லாவற்றையும் வாரிப் பல்கனிப் பனியில் கவிழ்த்துவிட்டுப் பட்டினியாக உட்கார்ந்தாள். திடலில் எக்லி விசையை இழுத்தார். வெடி அவள் வயிற்றுக்குள் கேட்டது. பிள்ளை துடித்துப் புரண்டது. அடுக்களையில் நின்றவர்கள் மகிழ்ந்துபோனார்கள். இவ்வளவு உருண்டையான, வாலே இல்லாத சத்தத்தை அவர்கள் கேட்டதில்லை. செய்தி அறிந்த எக்லி ஓடிவந்து மூச்சிரைக்க முழங்காலில் நின்று, அடுத்த வெடிக்குத் தன் காதை அவள் வயிற்றில் வைக்கலாமா என்று மரியாதையாகக் கேட்டார்.

"சீ! தள்ளிப் போ, நாயே!" என்று ஞானேஸ்வரி அகப்பையால் அவர் காதோடு சேர்த்து அடித்தாள். தமிழ் தெரியாத அத்தனை பேருக்கும் அது விளங்கியது. அன்றைக்குத்தான் நித்தியானந்தன் கோப்பிக் குவளைகளைக் கழுவுதொட்டிக்குள் எறிந்துவிட்டுக் கதவைத் திறந்து பிடித்தான். அவர்கள் பிறகு மேலே வரவில்லை. ஆனால் சுடுவதை நிறுத்தவுமில்லை.

மாசியில் பெண் பிறந்தது. யசோதரா என்று பெயர் வைத்தார்கள். வாயை அகலத் திறந்தது, முகம் சிவந்தது, கண்ணீர் வந்தது, சத்தம் மட்டும் வரவில்லை. தொண்டையில் ஒரு பிழையும் இல்லை என்றார் டாக்டர். அந்த வேளையில் கீழ்வீட்டில், எக்லியின் அலுமாரிக்குள் நின்ற துவக்கு வீறிட்டு அழத் தொடங்கியிருந்தது. எக்லி பிரைமரை மாற்றிப் பார்த்தார். தடிப்பானது, மெல்லியது, சூடானது, குளிர்ந்தது எல்லாவற்றையும் போட்டார். எதைப் போட்டாலும் குண்டு நகரவில்லை, குழாய் வழியே அழுகைதான் வந்தது. அழுகை தாங்காமல் அவர் மனைவி தமக்கையோடு இருக்க ஷ்லீரன் என்ற ஊருக்குப் போய்விட்டாள்.

ஞானேஸ்வரிக்கோ, முகம் திருப்பிய நேரத்தில் பிள்ளை அழுகிறதா தூங்குகிறதா என்று தெரியவில்லை. ஒருநாள் பால் கட்டி நெஞ்சு வலிக்கக் கீழே இறங்கிப்போய்க் கதவைத் தட்டினாள். "அது என்ர பிள்ளையின்ர குரல். தாங்கோ," என்றாள். எக்லி சுவரில் தொங்கிய மாலையைப் பார்த்தார், அழும் துவக்கைப் பார்த்தார். பிறகு அதைத் தூக்கிக்கொண்டு அவள் பின்னால் படியேறி, வாசலில் சப்பாத்தைக் கழற்றிவிட்டு உள்ளே வந்து, தொட்டிலருகே சாத்தினார்.

அன்றிலிருந்து துவக்கு அழுதால் பிள்ளைக்குப் பசி. ஞானேஸ்வரி அதைப் பழந்துணியால் பிடித்துத்தான் நகர்த்துவாள், நகர்த்தியபின் சவர்க்காரம் போட்டுக் கை கழுவுவாள். அவளுடைய அருவருப்பு ஒரு இம்மியும் குறையவில்லை, குறைய வேண்டிய நியாயமும் இல்லை. சோறு வெள்ளையாக வெந்தது. அடுத்த வருடம் சித்திரையில், பிள்ளை தொட்டிலைப் பிடித்து எழுந்து நின்று அவளைப் பார்த்து வாயசைக்க, குழாயிலிருந்து "அம்மா" என்று வந்தது. ஞானேஸ்வரி துணியை எறிந்துவிட்டு, வெறுங்கையால் துவக்கை அள்ளி அதன் வாயில் முத்தமிட்டுக் கொஞ்சினாள். பிறகு கழுவுதொட்டிக்குப் போய் மூன்று தரம் கொப்பளித்துத் துப்பினாள்.