ஈரச் சாக்ஸின் சத்தம்

அக்கா அரையிறுதியில் தோற்றதற்குக் காரணம் எதிரே ஆடிய பல் டாக்டர் இல்லை. அவளுடைய தண்ணீர் பாட்டிலை மடியில் வைத்துக்கொண்டு பின்வரிசையில் உட்கார்ந்திருந்த நான்தான்.

ஆங்கில எழுத்துக் கட்டைகளை அடுக்கி வார்த்தை கட்டும் ஆட்டம். வழக்கொழிந்த வார்த்தைகள் என்றால் அக்காவுக்கு உயிர். ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே எடுப்பதுதான் அவள் வேலை; வந்தவர் சட்டை மாற்றும் இடைவெளியில்கூட ஒன்றை மனப்பாடம் செய்துவிடுவாள்.

போன மாதம் சாப்பாட்டு மேசையில் 'க்யூ' எழுத்தைக் கையில் வைத்துக்கொண்டு திருதிருவென முழித்தேன். மானத்தைக் காப்பாற்ற 'க்வாலப்' என்று ஒன்றை அடுக்கினேன். "ரொம்பப் பழைய வார்த்தைக்கா. ஈரச் சாக்ஸோட நடந்தா ஒரு சத்தம் வருமே, அது" என்று அடித்துவிட்டேன்.

போட்டி நடக்கும் கிளப்பில், எதிராளி வைத்த வார்த்தையில் சந்தேகம் வந்தால் கை தூக்கலாம். நடுவர் அகராதியைப் புரட்டுவார்; அதில் இல்லையென்றால் வைத்தவருக்குப் புள்ளியும் போச்சு, அந்த முறையும் போச்சு. வீட்டில் நாங்கள் ஒருநாளும் கை தூக்கியதில்லை. தம்பி சொன்னால் சரியாகத்தான் இருக்கும் என்பது அக்காவின் நம்பிக்கை.

இன்று அவள் அதே வார்த்தையை அடுக்கிவிட்டு, திரும்பி என்னைப் பார்த்துக் கண்ணடித்தாள்.

டாக்டர் கை தூக்கினார். அகராதியில் இல்லை.

"பழைய வார்த்தைங்க. பெரிய அகராதியில பாருங்க," என்று அக்கா மல்லுக்கு நின்றாள். பெரியதிலும் இல்லை.

"அர்த்தம் என்னங்க?" என்றார் டாக்டர், பல்லைப் பிடுங்கப் போகிறவரின் கனிவோடு. அக்கா சொன்னாள். கூடமே சிரித்தது. நான் பாட்டில் மூடியை இறுக்கினேன். அது ஏற்கெனவே இறுகத்தான் இருந்தது.

திரும்பும் பஸ்ஸில் உண்மையைக் கக்கிவிட்டேன். அக்கா ஜன்னலைப் பார்த்தபடியே கேட்டாள்.

"அர்த்தமும் நீயா கட்டிவிட்டதுதானா?"

"ஆமாக்கா."

"அது மட்டும் நல்லாருக்கு. எருமை."

திட்டு விழுந்ததும் எனக்குத் தைரியம் துளிர்விட்டது. "அப்போ சாயங்காலம் ஒரு ஆட்டம் போடலாமா?"

பஸ் டிக்கெட்டை நாலாக மடித்தாள். சிக்னலில் மறுபடி கேட்டேன்; கைப்பையில் எதையோ தேடினாள். இறங்கி நடக்கும்போது கேட்டேன். செருப்பு வாரைச் சரிசெய்தாள். வீட்டு வாசலில் எனக்குப் பொறுமை போய்விட்டது.

"அக்கா, இனிமே என்கூட ஆடுவியா, மாட்டியா?"

பூட்டில் சாவியை வைத்தபடியே என்னை நேராகப் பார்த்தாள்.

"ஆடுவேன்டா. ஆனா நீ வைக்கிற ஒவ்வொரு வார்த்தைக்கும் கை தூக்குவேன்."