தலையாட்டிய மத்தியானம்

காது மிஷின் வாங்கி நான்கு வருஷம் ஆகிறது. அதில் போன மாதம் வரை ஃபோர்மேன் அதைக் காதில் வைத்திருந்த நேரமெல்லாம் சேர்ந்து ஒரு வாரம் தேறினால் பெரிய விஷயம். வெளியே போகும்போது மட்டும் மாட்டுவார். திரும்பி வந்து செருப்பைக் கழற்றும்போதே அதையும் கழற்றி மேஜை டிராயருக்குள் போட்டுவிடுவார். வீட்டுக்குள்ளே எதற்கு, இருப்பதே நாம் இரண்டு பேர் என்பார். அந்த இரண்டு பேரில் இன்னொருத்திக்கு வாய் என்று ஒன்று இருக்கிறதே, அது மனுஷனுக்குத் தோன்றவே இல்லை.

ரிட்டயராகி எத்தனையோ காலமாகியும் மனைவியின் தங்கையிலிருந்து மாடி வீட்டுக்காரர் வரை எல்லோருக்கும் அவர் ஃபோர்மேன்தான். அச்சகத்து மிஷின் ஹாலில் முப்பத்திரண்டு வருஷம் நின்றவர். நாலு மிஷின் சேர்ந்து ஓடினால் காதருகே வந்து கத்தினாலும் கேட்காது. அதனால் அங்கே ஒரு பழக்கம் உண்டு. யார் வந்து என்ன சொன்னாலும் முதலில் தலையை ஆட்டிவிட வேண்டும். சொன்னது என்ன என்று பிறகு ஜாப் சீட்டைப் பார்த்தால் போதும். எந்தத் தாள், என்ன மை, எத்தனை பிரதி, எல்லாம் அதில் எழுதியிருக்கும். இப்படித் தலையாட்டி ஒரு வேலைகூடக் கெட்டதில்லை என்று அவருக்குப் பெருமை வேறு. அவர் காதைக் கெடுத்ததும் அந்த ஹால்தான், தலையாட்டப் பழக்கியதும் அந்த ஹால்தான். வீட்டில் மனைவி பேசுகிற பேச்சுக்கு ஜாப் சீட்டுக்கு எங்கே போவது?

காது மிஷினை அவர் வெறுத்ததற்குக் காரணம் வலி. காதுக்குள் உட்காருகிற பிளாஸ்டிக் மோல்டு அரை மணி நேரத்தில் உரசிப் புண்ணாக்கிவிடும். போதாததற்குக் குழாயைத் திறந்தால் அருவி விழுகிற இரைச்சல், தட்டை வைத்தால் மண்டைக்குள் இடி. வீட்டில் இரண்டு மூன்று தரம் மாட்டிப் பார்த்தார். போதுமடா சாமி என்று டிராயரை மூடினார். வலிக்கிறது என்று யாரிடமும் மூச்சு விடவில்லை.

போன மாதம் வந்திருந்த மகள் டிராயரைத் திறந்து பார்த்துவிட்டு, பிடித்த பிடியாக அவரைக் கூட்டிக்கொண்டு போனாள். மிஷின் பொருத்துகிற பெண் காதுக்குள் விளக்கடித்துப் பார்த்தாள். மோல்டின் ஓர் ஓரத்தைச் சின்னச் சக்கரத்தில் தேய்த்து, துடைத்து, திரும்ப மாட்டினாள். பத்து நிமிஷம் ஆகியிருக்கும். வலி போன இடம் தெரியவில்லை.

"இத அப்பவே வந்து சொல்லியிருக்கலாமே, ஐயா. வலிச்சா கழட்டி வைக்கிறதா? எங்ககிட்ட கொண்டு வரணும்."

முதலில் அமைதியான அறையில் ஒரு மணி நேரம், அப்புறம் இரண்டு, அப்புறம் நாள் முழுக்க, குளிக்கவும் தூங்கவும் மட்டும் கழற்றுங்கள் என்றாள். விட்டுவிட்டுப் போட்டால் சத்தம் பழகவே பழகாது என்றாள். ஃபோர்மேன் இந்தத் தடவை தலையாட்டவில்லை. ஒவ்வொன்றையும் திருப்பிச் சொல்லிக் காட்டினார்.

பத்து நிமிஷ வேலைக்கு நான்கு வருஷம்! வீடு திரும்புகிற வழியெல்லாம் அவருக்கு ஒரே ஒரு மத்தியானம்தான் கண்முன்னே நின்றது.

அது நடந்து மூன்று வருஷமாகிறது. மனைவி தன் அம்மாவின் கடைசி நாட்களில் கூடவே இருந்து, எல்லாம் முடிந்து வீடு திரும்பியிருந்தாள். கட்டில் ஓரத்தில் அவர் பக்கத்தில் உட்கார்ந்து பேச ஆரம்பித்தாள். அவருக்கு உதடு அசைவதுதான் தெரிந்தது. டிராயர் இரண்டு எட்டுத் தூரம். எழுந்து போய் எடுத்திருக்கலாம். அதற்குள் ஒரு தரம் தலையாட்டித் தொலைத்திருந்தார், அவளும் அழ ஆரம்பித்துவிட்டாள். அழுகிறவளை நிறுத்தி, இரு, மாட்டிக்கொண்டு வருகிறேன், முதலிலிருந்து சொல் என்று எந்த முகத்தோடு கேட்பது? கையைப் பிடித்துக்கொண்டார். ஒரு மணி நேரம் அவள் பேசினாள், இவர் பூம்பூம் மாடு மாதிரி ஆட்டிக்கொண்டிருந்தார். கடைசியில் எதையோ கேட்டுவிட்டு அவள் இவர் முகத்தையே பார்த்தாள். அதற்கும் ஆட்டினார். அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுந்து போய்விட்டாள்.

அம்மா போன துக்கம், வேறென்ன இருக்கப்போகிறது என்று அப்போது விட்டுவிட்டார். இப்போது அது உள்ளே கிடந்து அரித்தது. காது பழகட்டும், அவளை உட்கார வைத்து, அன்றைக்கு எனக்கு ஒன்றுமே கேட்கவில்லை, மறுபடி சொல் என்று கேட்டுவிட வேண்டும். அவள் திட்டினால் வாங்கிக்கொள்ள வேண்டியதுதான். அதற்காகவே மணி பார்த்து மாட்டினார். இரண்டாம் வாரம் அருவி இரைச்சல் போய்க் குழாய் பழைய குழாயானது. மூன்றாம் வாரம் மிஷின் இருப்பதே மறந்து அதோடு குளிக்கக் கிளம்பி மனைவியிடம் வாங்கிக் கட்டிக்கொண்டார். அந்தத் திட்டு முழுவதும் தெளிவாகக் கேட்டதில் மனுஷனுக்கு ஒரே சந்தோஷம்.

ஞாயிற்றுக்கிழமை காலையில், இன்றைக்குக் கேட்டே தீருவது என்று சமையலறைப் பக்கம் போனார். அவள் முதுகைக் காட்டிக்கொண்டு தங்கையோடு போனில் பேசிக்கொண்டிருந்தாள். அவருக்குக் கேட்காது என்று குரலைத் தாழ்த்தாமல் பேசிப் பழகியவள், அந்தப் பழக்கம் இன்னும் போகவில்லை. தங்கை ஃபோர்மேனைப் பற்றி ஏதோ குறை சொல்லியிருக்க வேண்டும்.

"அப்படிச் சொல்லாதடி. காது மந்தம்தான், யாரு இல்லன்னா? ஆனா அம்மா காரியம் முடிஞ்சு வந்தேனே, அன்னைக்கு பக்கத்துலயே உக்காந்து எல்லாத்தையும் அவர்கிட்ட கொட்டிட்டேன். உன்கிட்டகூட சொல்லாதத சொன்னேன். நான் செஞ்சத மன்னிப்பீங்களான்னு கேட்டேன். ஏன் செஞ்சேன்னு ஒரு வார்த்தை கேக்கல. கையப் பிடிச்சுக்கிட்டு தலைய ஆட்டினாரு. அதுக்கப்புறம்தான் எனக்கு தூக்கமே வந்துச்சு."

ஃபோர்மேனுக்கு ஓர் எழுத்து விடாமல் கேட்டது. அப்படி அவள் என்ன செய்தாள்? எதை இவர் மன்னித்தார்? கேட்டால் சொல்வாள். ஆனால் கேட்ட அந்த நிமிஷமே, மன்னிப்பு என்று அவள் மூன்று வருஷமாக நம்பிக்கொண்டிருப்பது இல்லாமல் போய்விடும். படுபாவி, இரண்டு எட்டு எடுத்து வைக்க முடியாமல் போயிற்றா உனக்கு என்று தன்னையே திட்டிக்கொண்டார்.

போனை வைத்துவிட்டுத் திரும்பியவள் அவர் நிற்பதைப் பார்த்தாள்.

"என்னங்க, ஏதாச்சும் கேக்கணுமா?"

இல்லை என்று தலையாட்டப் போனார். அந்தத் தலை அசையவில்லை.

"ஒண்ணும் கேக்கணும்னு இல்ல" என்று வாயால் சொன்னார்.

முன்னறைக்கு வந்து உட்கார்ந்தார். உள்ளே அவள் பாத்திரம் கழுவுவது கேட்டது, நடுவில் தனக்குத்தானே ஏதோ முணுமுணுத்ததும் கேட்டது. இனி அவள் என்ன பேசினாலும் கேட்கும். அந்த மத்தியானத்து ஒரு மணி நேரம் மட்டும் கேட்காது.