சாவிப் பாட்டுப் பூசை

லீவன் வான் மால்டெகமின் ஆண்டுப் பூசையன்று மெஹலென் நகரத்து மாதா கோயிலில் இருந்தவர்கள் இவர்கள்: பூசை வைத்த ரோம்பவுட் சாமியார், பாட்டு வாத்தியார் கில்லிஸ், அவருடைய பாடகர் நால்வர், லீவனின் விதவை தான்னகென், அண்ணன் யோரிஸ், வாசலில் மெழுகுவர்த்தி விற்கும் பெட்ரோனெல். வேறு யாரும் இல்லை. தானும் இருந்ததாகச் சொல்லிக்கொள்ளும் ஊரார் எல்லாரும் பெட்ரோனெல் வாயால் கேட்டவர்களே.

யோரிஸ் வளையாத முதுகோடு முன்னால் நின்றிருந்தார். தலைமுறை தலைமுறையாகக் கம்பளி நெய்து பேர் வாங்கிய குடும்பம். அந்தப் பேரில் ஓர் இழை பிரிந்தாலும் அவருக்குச் சோறு இறங்காது.

பழைய மெட்டு ஒன்றை எடுத்து, ஒவ்வொரு ஸ்வரத்தையும் அடையாளம் தெரியாதபடி நீட்டி, நடுக்குரலுக்குக் கொடுத்துவிட்டு, மற்ற குரல்களை அதன் மேலும் கீழும் பின்னுவது பாட்டு எழுதுகிறவர்களின் வழக்கம். கில்லிஸும் அப்படித்தான் எழுதியிருந்தார். எந்த மெட்டு என்று யோரிஸ் கேட்கவில்லை. கோயிலில் பாடுவது கோயில் மெட்டாகத்தானே இருக்கும்?

நடுக்குரல் பாடும் வூட்டர் முந்தின நாள் ஒரு கல்யாண விருந்தில் பாடிவிட்டு வந்திருந்தான். பூசையின் கடைசிப் பாட்டில் மற்ற மூவரும் மூச்சு வாங்க நிறுத்திய இடத்தில் அவன் குரல் மட்டும் தனியாக நின்றது. வாய், பூசையின் லத்தீன் சொற்களை விட்டுவிட்டு, மெட்டுக்குப் பழகிய சொற்களையே பாடியது.

"சாவி எங்கடி மாவுக்காரி, எவன் இடுப்புல தொங்குது?"

காற்றாலையில் மாவரைக்கிறவன் பெண்டாட்டியைக் கேலி செய்யும் மதுக்கடைப் பாட்டு. வாசலில் பெட்ரோனெல் களுக்கென்று சிரித்தாள். சாமியார் திரும்பவில்லை; ஆனால் அவர் தோள் குலுங்கியது.

பூசை முடிந்ததும் யோரிஸ் பாடகர்களின் அறைக்குள் நுழைந்தார். தான்னகென் பின்னாலேயே போனாள்.

"வாத்தியாரே, செத்தவனோட பூசையில அவன் பெண்டாட்டி யோக்கியத்தைச் சந்தி சிரிக்க வெச்சுட்டீங்க. சாயங்காலத்துக்குள்ள இவளுக்கு ஒரு கள்ளப் புருஷனையே பெத்துக் குடுத்துடுவா அந்த மெழுகுவர்த்திக்காரி."

"தப்பு என்னோடதுங்க ஐயா," என்றான் வூட்டர். "நேத்து ராத்திரி பூரா இதையே பாடினேன். நாக்கு வழுக்கிடுச்சு."

"உன் நாக்கை அப்புறம் பாத்துக்கறேன். இந்த மெட்டைக் கோயிலுக்குள்ள கொண்டுவந்தது யாரு?"

கில்லிஸ் தரையைப் பார்த்தார்.

"நாந்தான் கேட்டேன், அத்தான்," என்றாள் தான்னகென்.

யோரிஸ் அவளைத் திரும்பிப் பார்த்தார்.

"உங்க தம்பிக்கு வீட்டுச் சாவி கையில தங்கினதே இல்ல. தெனம் தொலைப்பாரு. தெருவுல நின்னு இந்தப் பாட்டைப் பாடுவாரு. நான் மேலேர்ந்து என் சாவியைத் தூக்கிப் போடுவேன். எதிர்வீட்டுல நீங்க ஜன்னலைப் படார்னு சாத்துவீங்க. அதுக்குன்னே அவரு இன்னொரு அடி கூட்டிப் பாடுவாரு."

லீவன் போன பிறகு அந்த ஜன்னலைச் சாத்த வேண்டிய தேவையே வரவில்லை என்பது யோரிஸுக்கு அப்போதுதான் உறைத்தது.

"வேற மெட்டுல எழுதித் தரேங்க ஐயா," என்றார் கில்லிஸ்.

"மாத்தினா அந்த மெழுகுவர்த்திக்காரி சிரிச்சது சரின்னு ஆயிடும்," என்றார் யோரிஸ். "மெட்டு இருக்கட்டும். வருஷா வருஷம் இதையே பாடுங்க. ஆனா வார்த்தை லத்தீன்தான். அதுக்கு நான் காவல்."

பிறகு தான்னகெனுக்குத் தன் கையைக் கொடுத்து, பெட்ரோனெல் உட்கார்ந்திருந்த வாசல் வழியாகவே, சந்தைத் தெரு முழுவதும் பார்க்கும்படி மெதுவாக அவளை வீட்டுக்கு அழைத்துப்போனார். அன்று தெருவில் யாருக்கும் வாய் திறக்கத் துணிவில்லை.

அடுத்த ஆண்டு, சொன்னபடியே, யோரிஸ் பாடகர்களின் நடுவே வூட்டர் பக்கத்தில் போய் நின்றார். அந்த இடம் வந்தது. மற்ற குரல்கள் ஓய்ந்தன. வூட்டரோடு சேர்ந்து இன்னொரு குரல், கரகரத்த பழைய குரல், அந்த மெட்டை இழுத்துப் பிடித்தது. தான்னகென் தலை நிமிர்ந்து பார்த்தாள்.

கோயிலுக்குள்ளேயே கிழவர் சாவிப் பாட்டைப் பாடினார் என்று பெட்ரோனெல் ஊரெல்லாம் சொல்லித் திரிகிறாள். பொய். அவர் பாடியது லத்தீன்.